ஒற்றை ஆளுக்கு இரண்டு வாஃபிள்

செப்டம்பர் 4, புதன்

சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் டாக்டர் மெஹருன்னிசா. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து, ஊர்ப் பையன்களை எல்லாம் வெயிலில் ஓடவிட்டவன் நான். இப்போது எனக்கே வீட்டுப்பாடம்.

"சுகர் ஏறியிருக்கு, எடை இறங்கியிருக்கு, ரத்தமும் கம்மி. என்னதான் சார் சாப்பிடுதீங்க?"

"வேளாவேளைக்குச் சாப்பிடுதேனேம்மா."

"அப்ப எழுதுறதுல ஒண்ணும் கஷ்டம் இருக்காது. பொய் மட்டும் எழுதாதீங்க."

இன்று: காலையில் டீ, பன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டீ. மதியம் மெஸ் சாப்பாடு, பாதி. இரவு வாழைப்பழம்.

எழுதிப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் சாப்பாடு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இதற்குக் காரணம் உண்டு. என் மனைவி கோமதி ஜூன் மாதம் கனடா போனாள். எங்கள் மகள் செல்விக்குக் கால்கரியில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவம் பார்க்கப் போனவள் நவம்பர் கடைசியில்தான் திரும்புவாள். போகும்போது பொடி, ஊறுகாய், வத்தல் எல்லாம் டப்பா டப்பாவாக வைத்துவிட்டுத்தான் போனாள். மாவும் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஒற்றை ஆளுக்காக அடுப்பைப் பற்றவைத்து, தாளித்து, சட்டியைக் கழுவி, இதெல்லாம் எதற்கு என்று தோன்றிவிடுகிறது. தோசை வேறு எனக்குக் கல்லைவிட்டு வர மாட்டேன் என்கிறது.

மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இதையும் டாக்டர் படிக்கட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

காலை: டீ, பன். மதியம்: மெஸ். இரவு: பசிக்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஞாயிறு காலை எட்டரைக்கு வீடியோ கால். நமக்கு விடிந்திருக்கும்போது அவர்களுக்கு இன்னும் சனிக்கிழமை ராத்திரி. செல்வி, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் வரிசையாக முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். கடைசியில் போன் கோமதி கைக்கு வரும். போனைப் பிடிக்க அவளுக்கு இன்னும் தெரியவில்லை. பாதி நேரம் நெற்றிதான் தெரியும்.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு. இட்லி."

"தட்டக் காமிங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டேன் என்றேன். கல்யாணம் ஆன நாள் முதல் நான் தட்டைக் கழுவியது கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

பின்னாலிருந்து செல்வி கத்தினாள். "அப்பா, ரெண்டு வருஷம் முன்னால ஒரு வாஃபிள் மிஷின் ஆர்டர் போட்டு அனுப்பினேன்லா? அது எங்க? மாவ ஊத்தி மூடி வச்சா தானா வெந்துரும். திருப்பிப் போடக்கூட வேண்டாம்."

அது பரணில் இருக்கிறது. வந்த அன்று கோமதி திறந்து பார்த்து, "இதென்ன, பூட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லி மேலே ஏற்றிவிட்டாள்.

வைக்கும் முன் நானும் ஒப்புக்குக் கேட்டேன், அங்கே எல்லாம் சௌகரியமா என்று. சௌகரியம்தான் என்றாள். கடுகு தாளித்தால் மட்டும் கூரையில் இருக்கும், புகை பட்டால் அடிக்கிற மணி சங்கு ஊதுகிறதாம். முதல் தடவை ஊதியபோது குழந்தை அலறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மிஷினை இறக்கித் தூசி தட்டினேன். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரக் குழி, குழி முழுக்கக் கட்டம் கட்டமாக மேடு பள்ளம். சிவப்பு விளக்கு எரிந்தால் சூடாகிறது, பச்சை எரிந்தால் தயார். எனக்குப் பிடித்துப்போயிற்று. விசில் அடித்தால் ஓடு, அடித்தால் நில். இப்படி இருக்க வேண்டும் சமையல்.

கூட வந்த புத்தகத்தில் மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை என்று போட்டிருந்தது. முட்டை எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. அதற்குப் பதில் தயிரை ஊற்றினேன். பொன்னிறமாக இரண்டு வந்தது. தேனை ஊற்றி இரண்டையும் தின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திச் சுகர் பார்த்தேன். வந்த எண்ணை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. டாக்டர் மன்னிக்கவும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மைதாவுக்கும் சர்க்கரைக்கும் முழுக்குப் போட்டாயிற்று. இன்று கேழ்வரகு மாவு. தண்ணீரில் கரைத்து ஊற்றி மூடினேன். பச்சை விளக்கு வந்ததும் திறந்தேன். திறக்க முடியவில்லை. பலம் கொடுத்து இழுத்ததில் பாதி மேலே, பாதி கீழே என்று இரண்டாகப் பிளந்துகொண்டது. சிமெண்டு பூசிய மாதிரி இறுகிவிட்டது. வாரியல் குச்சியை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சுரண்டி எடுப்பதற்குள் வீடியோ கால் வந்துவிட்டது.

மிஷினையே தூக்கிக் காட்டினேன். கால்கரி முழுக்கச் சிரித்தது. கோமதி மட்டும், "கையச் சுட்டுக்கிடாதிய" என்றாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பதற்குள் குழந்தை அழுது, அவள் எழுந்து போய்விட்டாள். அவள் சாப்பிட்டிருப்பாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஜெபமணி வந்தார். என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி இறந்து ஆறேழு வருஷம் ஆகிறது. மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வே நயினாரு, ஒரு முட்டைய ஒடச்சு ஊத்தும். ஒட்டவும் செய்யாது, புரதமும் ஆச்சு. எங்க மேரி கேக்கு அப்பிடித்தான் செய்வா."

"கோமதி வந்து மோந்து பாத்தான்னா மிஷினோட என்னையும் வெளிய எறிஞ்சிருவா."

"அவங்க வர்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. வாசம் போயிரும்."

முட்டை வேண்டாம் என்று உறுதியாக நின்றேன். புரதத்துக்கு உளுந்தும் பயறும் இருக்கிறது. ஒட்டாமல் இருக்க என்ன செய்வது என்றுதான் யோசிக்கவேண்டும். கோமதியின் மாவு மட்டும் எப்படிக் கல்லில் ஒட்டுவதில்லை? புளிக்க வைப்பாள். அதுதான் விஷயமாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வந்துவிட்டது!

எழுதி வைத்துக்கொள்கிறேன். கம்பு இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். ஊறவைத்து மிக்சியில் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டேன். காலையில் முளைகட்டிய பாசிப்பயறைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்தேன். ஒரு பிடி முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், சீரகம். குழி முழுக்க நல்லெண்ணெய் தடவினேன். பச்சை விளக்கை நம்பக் கூடாது என்பதைக் கேழ்வரகு கற்றுக்கொடுத்திருக்கிறது. மிஷின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டே இருக்கும். அது நிற்கிற வரை கையை வைக்கக் கூடாது. நின்றதும் திறந்தால் தானாகவே கழன்று வருகிறது. வெளியே மொறுமொறு, உள்ளே இட்லி மாதிரி மெத்து. தேனுக்குப் பதில் நிலக்கடலைத் துவையல். மேலே அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கீரையில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர வேண்டும் என்றால் புளிப்பு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கால் வந்தபோது தட்டைக் கேமரா முன்னால் நீட்டினேன். மாப்பிள்ளை கை தட்டினார். செல்வி, "அப்பா, இங்க கடையில இத விக்கலாம்பா" என்றாள். கோமதி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. உப்பு பாத்தியளா?"

"அதெல்லாம் சரியா இருக்கு."

"நான் எங்க பாக்க முடியுது" என்றாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த மிஷினில் ஒரு கோளாறு. ஒரு குழியில் மட்டும் மாவு ஊற்றினால் காலிக் குழியில் தடவிய எண்ணெய் கருகிப் புகைகிறது. இரண்டிலும் ஊற்றித்தான் ஆகவேண்டும். ஆக, ஒன்று சூடாகச் சாப்பிடுகிறேன். இன்னொன்று எதிரே ஆறிக்கொண்டிருக்கும். ராத்திரி அதைத் தின்பேன். ஜெபமணி வந்தால் அவருக்கு. அவர் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு வே" என்று சொல்லி ஊறுகாய் ஜாடியைத் தேடினார். ஊறுகாய் இல்லாமல் அவருக்கு எதுவும் இறங்காது.

இன்று வீடியோ காலில் கோமதி கையை உயர்த்திப் பேரனுக்குத் தொட்டில் ஆட்டினாள். வளையல் சரிந்து முழங்கைக்குப் போய்விட்டது. கனடாக் குளிரில் வளையல் பெரிதாகிவிடும் போலிருக்கிறது என்று கேலி செய்தேன். ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

டாக்டரிடம் போனேன். சுகர் இறங்கியிருக்கிறது. ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்து, "சார், எங்க டயட்டீஷியனைவிட நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எல்லாப் பக்கத்துலயும் சாப்பாட்டவிட மத்த விஷயந்தான் ஜாஸ்தி" என்றார்.

இனிமேல் வேறு நோட்டில் டாக்டருக்கு எழுதிக் கொடுப்பேன். இது எனக்கு.

அக்டோபர் 13, ஞாயிறு

இப்போதெல்லாம் நான் தினமும் காலையில் தட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போடுகிறேன். சாப்பாட்டு மேஜையில், தினசரிக் காலண்டர் தொங்கும் சுவருக்கு முன்னால் வைத்தால் வெளிச்சம் நன்றாக விழுகிறது. இன்று தினை வாஃபிள், கேரட் துருவல் போட்டது. படம் அபாரமாக வந்திருக்கிறது.

டாக்டர் சொன்னதையும் வீடியோ காலில் பெருமையாகச் சொன்னேன். ரிப்போர்ட்டை விரித்துக் காட்டினேன். உடம்பு முன்னைவிடத் திடமாக இருக்கிறது, பழையபடி காலையில் மைதானத்தைச் சுற்றி வருகிறேன், வேளைக்குச் சமைக்கிறேன், பாத்திரம்கூட நானே என்று அடுக்கினேன்.

கோமதி சிரித்தாள். "நான் இல்லாமலே நல்லா இருக்கியளே."

இதைவிட எனக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்? சொல்லிவிட்டு அவள் குழந்தைத் துணி மடிக்கப் போய்விட்டாள். இன்றைய பேச்சு சீக்கிரம் முடிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

செல்வி ஒரு விஷயம் கேட்டாள். ஜனவரியில் அவளை ஆஃபீஸில் கூப்பிடுகிறார்களாம். குழந்தையைக் காப்பகத்தில் விட மனசில்லை. அம்மா இன்னும் ஆறு மாசம் இருந்தால் நன்றாக இருக்கும், விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட்டால் கிடைத்துவிடும்.

"அப்பா, நீங்க சமாளிக்க மாட்டீங்கன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன். இப்பந்தான் நீங்க ராஜா மாதிரி இருக்கீங்களே. அம்மா இருக்கட்டுமாப்பா?"

கோமதி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவையாகப் போனில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

"நீங்க என்ன சொல்லுதிய?" என்றாள்.

"எனக்கென்ன? தாராளமா இரி. புள்ளைக்கு ஒத்தாசையா இருக்கும்."

"நிசமாவா?"

"அட, எனக்கு ஒரு கொறையும் இல்லட்டி."

"சரி" என்றாள்.

செல்வி சந்தோஷத்தில் குதித்தாள். நவம்பர் பதினொன்றாம் தேதி விண்ணப்பம் போடுவார்களாம். நான் போனை வைத்துவிட்டு மேஜைக்கு வந்தேன். இரண்டு வாஃபிளும் ஆறிப் போயிருந்தன. இரண்டையும் சாப்பிட்டுவிட்டேன் என்று டாக்டர் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

மழை. மாவு புளிக்கவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

காலை: டீ, பன்.

அக்டோபர் 27, ஞாயிறு

வீடியோ காலில் வாஃபிள் காட்டினேன். எல்லோரும் நலம். கால்கரியில் பனி விழுந்துவிட்டதாம். கோமதி ஜன்னலைக் காட்டினாள். தெருவில் ஒரு ஆளைக்கூடக் காணோம். "இதுக்குள்ள எப்படி வெளிய போவ?" என்றேன். "எங்க போகணும்?" என்றாள்.

ஜூன் வரைக்கும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் எண்ண ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்கு எட்டவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு ஒரு சரம் வெடித்தேன். வெடிக்காமல் இருந்தால் தெருவில் என்ன நினைப்பார்கள்?

பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தது. தூக்கி மேலே வைத்துவிட்டேன். அடுப்படிப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆனால் வாட்ஸப்பில் எல்லோரும் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய படம் ஒன்று, அந்தத் தினை வாஃபிள், பார்க்க நன்றாக இருந்தது. அதையே அனுப்பிவிட்டு, "தீபாவளி ஸ்பெஷல்" என்று போட்டேன். செல்வி நாலைந்து இதயம் அனுப்பினாள். கோமதி பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. அங்கே வேலை இருந்திருக்கும்.

இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு எழுதுகிற நோட்டு என்பதால் சொல்கிறேன்.

நவம்பர் 6, புதன்

ஜெபமணி வந்தார். வந்த மனுஷனுக்காக மிஷினைச் சூடாக்கினேன். கம்பு மாவு வாங்கி வைத்திருந்தேன், தயிர் ஊற்றி ஒப்பேற்றினேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த மேஜையில் இரண்டு தட்டு வைத்து நாளாகிவிட்டது. அவர் ஊறுகாயைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அங்கன மதினி என்ன சாப்பிடுதாங்க? கம்பு, உளுந்தெல்லாம் கெடைக்குதாமா?"

"எல்லாம் கெடைக்கும் வே. கனடால்லா."

"கெடைக்கும். சாப்பிடுதாங்களா?"

அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான், அடுத்த நிமிஷம் பென்ஷன் பேச்சுக்குப் போய்விட்டார். என்னால் அந்தக் கேள்வியைவிட்டு நகர முடியவில்லை. ஜூனிலிருந்து எத்தனை வீடியோ கால். ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் கேட்பது "சாப்ட்டியளா"தான். நான் பதில் சொல்லியிருக்கிறேன், தட்டைக் காட்டியிருக்கிறேன், ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கிறேன். அவளைத் திருப்பி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இங்கே இருக்கும்போதும் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். என்ன வைத்திருந்தாள், எவ்வளவு வைத்திருந்தாள் என்று நான் எங்கே பார்த்தேன்? கை கழுவிவிட்டுப் பேப்பர் படிக்கப் போயிருப்பேன்.

அந்த வளையல் ஞாபகம் வந்தது. குளிரில் வளையல் பெரிதாகுமா? அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வேறு.

நவம்பர் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செல்வியும் மாப்பிள்ளையும் ஏதோ விருந்துக்குப் போயிருந்தார்கள். குழந்தை தூங்கிவிட்டானாம். கோமதி மட்டும்தான். நெற்றி தெரிந்தது.

"சாப்ட்டியளா?"

"இன்னும் இல்ல. நீ சாப்ட்டியா?"

நெற்றி அப்படியே அசையாமல் நின்றது. போன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஆச்சு" என்றாள்.

"என்ன சாப்ட்ட?"

"என்னமோ. எதுக்குக் கேக்கிய?"

"தட்டக் காமி."

"கழுவியாச்சு."

"கோமு, தட்டக் காமி."

போனைத் திருப்பினாள். சமையல்கட்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. தொட்டியில் ஒரு தட்டு. அதில் ரொட்டியின் ஓரம் கொஞ்சம், நாரத்தங்காய் ஊறுகாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"இதென்னட்டி? ராத்திரிச் சாப்பாடா?"

"அவங்க ரெண்டு பேரும் எல தழைன்னு என்னமோ தின்னுக்கிடுதாங்க. அவங்களுக்கு அது போதும். தாளிச்சா அந்த மணி அடிச்சித் தொலைக்குது, புள்ள முழிச்சிக்கிடுதான். பொறவு ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பப் பத்த வச்சிக்கிட்டு."

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்தது அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது.

"தெனமும் இப்பிடித்தானா?"

"நீங்க தீவாளிக்கு என்ன சாப்ட்டிய?" என்று திருப்பிக் கேட்டாள்.

"அதான் படம் அனுப்பினேனே."

"அந்தப் படத்துல பின்னால காலண்டரு அக்டோபர் பதிமூணு காட்டுது."

அன்றைக்கே பார்த்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன்ட்டி கேக்கல?"

"கேட்டா நல்லா இருக்கேம்பிய. நீங்கதான் நான் இல்லாமலே நல்லா இருக்கியளே."

இதே வார்த்தையை அவள் முன்னால் சொன்னபோது நான் சர்டிபிகேட் என்று எழுதிவைத்தேன். பக்கத்தைப் புரட்டினால் இருக்கிறது. எவ்வளவு பெரிய மடையன். விசாவை நீட்டவா என்று அவள் என் முகத்தைப் பார்த்தபோது, வேண்டாம் வா என்ற ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்திருக்கிறாள். நான் மிஷினைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லா இல்லட்டி" என்றேன். "சுகர் நல்லா இருக்கு. நான் நல்லா இல்ல. இந்த மிஷின்ல எப்பவும் ரெண்டுதான் வருது. ஒண்ணத் தின்னுட்டு ஒண்ணப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு முடியல. வந்திரு."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. போன் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மணி வட்டமாக வெள்ளையாக இருந்தது.

"இத அன்னைக்கே சொல்லத் தெரியலையாக்கும்" என்று குரல் மட்டும் வந்தது. பிறகு, "செல்விட்ட நான் சொல்லிக்கிடுதேன். போயி அடுப்பப் பத்த வைங்க. நான் போன வைக்க மாட்டேன், சாப்பிடுங்க, பாக்கேன்" என்றாள்.

நான் சாப்பிட்டேன். அவளும் எழுந்து போய், மணியைப் பார்த்துப் பார்த்து, தாளிக்காமல் ஒரு உப்புமா கிண்டினாள். போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

இன்று: நான், கம்பு வாஃபிள் ஒன்று. கோமதி, உப்புமா, ஒரு கிண்ணம்.

நவம்பர் 12, செவ்வாய்

செல்வி கூப்பிட்டாள். கோபம். நியாயமான கோபம்.

"அம்மாவக் கேட்டா எனக்கென்னடி நல்லா இருக்கேங்கா. உங்களக் கேட்டா ராஜா மாதிரி இருக்கேங்கீங்க. நானும் நம்பிட்டேன். அம்மா இளைச்சிட்டான்னு பக்கத்துலயே இருந்து எனக்குத் தெரியல. நான் என்ன பொண்ணுன்னு இப்ப நான் நெனைக்கணும், அதான?"

"உன்மேல தப்பே இல்லம்மா."

"ஆஃபீஸ்ல தேதி சொல்லிட்டேன்பா. இப்ப காப்பகத்துல இடம் கெடைக்காம அலையிறேன்."

பேரனைக் காப்பகத்தில் விடுவதற்குக் காரணம் நான்தான் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஒரு நிமிஷம், சரி, அவள் இருக்கட்டும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். மறுபடியும் பொய் சொல்ல வேண்டாம்.

"என்னால முடியலம்மா" என்றேன்.

"அழாதீங்கப்பா" என்றாள். நான் அழவில்லை. ஜலதோஷம்.

கோமதி: கோதுமை ரவைக் கஞ்சி, பாசிப்பயறு சுண்டல். படம் அனுப்பியிருந்தாள். கூடவே செல்வி வீட்டுக் கடிகாரமும் படத்தில் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். குசும்பு.

நவம்பர் 20, புதன்

காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. டிக்கெட் பழைய தேதியே. செல்வி இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசுவாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

கம்பு நாலு பங்கு, உளுந்து இரண்டு பங்கு. அரைத்து மூடி வைத்திருக்கிறேன். கோமதி சென்னையில் இறங்கிவிட்டாள். அவள் தம்பி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவான்.

டிசம்பர் 2, திங்கள்

ஜங்ஷனில் அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியவள் அவள் ஒருத்திதான். ஆட்டோவில் வளையல் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குள் போய் டப்பாவை எல்லாம் திறந்து பார்த்தாள். பொடியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மிஷினைச் சூடாக்கப் போய்விட்டேன்.

ஆவி நின்றது. திறந்தேன். இரண்டு தட்டில் இரண்டையும் வைத்து மேஜைக்குக் கொண்டுவந்தேன்.

"நீங்க சாப்பிடுங்க, நான் பொறவு" என்றாள்.

"உக்காருட்டி."

"குளிச்சிட்டு வாரேனே."

"உக்காரு."

உட்கார்ந்தாள். ஒரு ஓரத்தைப் பிய்த்து, துவையலில் தொட்டு வாயில் போட்டாள். நான் கையில் எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர், செல்வி, மாப்பிள்ளை என்று ஒரு உலகமே பாராட்டிய வாஃபிள். மென்று விழுங்கினாள்.

"உப்பே போடலையா?"

"போட்டேனே!"

"எங்க போட்டிய? சப்புன்னு இருக்கு. இத்தன மாசமும் இப்பிடியா தின்னிய?"

ஜெபமணி ஏன் ஊறுகாயைத் தேடினார் என்று இப்போதுதான் புரிந்தது. அவள் எழுந்துபோய் மாவில் உப்புப் போட்டுக் கலக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவளே இரண்டு குழியிலும் ஊற்றி மூடினாள்.

இன்று சாப்பிட்டது: நான் இரண்டு. கோமதி மூன்று.